சுங்காய் வட்டாரத்தில் வண்டி முகாம்

பேராக் மாநிலத்தின் தெற்கில், பத்தாங் பாடாங் மாவட்டத்தில், பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் இடையே உள்ள சிற்றூர் சுங்காய். கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர். மேற்கே, ஒரு காலத்தில் ரப்பர் நின்று இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கும் சமவெளி. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் முதலாம் எண் கூட்டரசுச் சாலையும் இருப்புப்பாதையும் ஊரை ஒட்டியே போவதால், படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர்வேனில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு இது எளிதில் எட்டும் இடம். வட அமெரிக்கப் பைன் காடுகளைப் போல, கட்டணமோ முன்பதிவோ இல்லாமல் பிடித்த இடத்தில் வண்டியை நிறுத்தி இரவைக் கழிக்க இங்கே முடியுமா என்று கேட்டால், முடியாது, முடியவும் கூடாது என்பதே சரியான விடை. சட்டம் அப்படிச் சொல்கிறது. சட்டத்தைவிட அழுத்தமாக மழையும் மண்ணும் நில வரலாறும் அதையே சொல்கின்றன.

இப்படிப்பட்ட சுதந்திர முகாமுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் நாடுகளை முதலில் பார்க்கலாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கோகோனினோ தேசியக் காட்டில் காசு கொடுக்காமல் தங்கலாம்; ஆனால் 30 நாள்களில் 14 நாள் வரைதான். வண்டி போகும் பாதைகளையும் வனத்துறையே வரைபடத்தில் குறித்துத் தருகிறது. சுவீடனில் யாரும் பெரும்பாலான காடுகளில் நடக்கலாம், கூடாரம் போடலாம் என்ற பழைய உரிமை உண்டு. அந்த உரிமை மோட்டார் வண்டிக்குக் கிடையாது. சாலையை விட்டு இறங்கி ஓட்டுவதை 1975ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டமும் நடந்து வருகிறவருக்குக் கதவைத் திறந்து, வண்டிக்கு அடைத்துவிட்டது. சட்டம் மட்டுமல்ல, தரையும் வேறு. பைன் காட்டின் தரை காய்ந்தது, இடைவெளி உள்ளது, சக்கரம் தாங்கும். தீபகற்ப மலேசியாவில் பைன் இயற்கையாக வளர்வதில்லை. காகிதக் கூழுக்காகக் கரிபியன் பைனை நட்டுப் பார்த்தார்கள், பெரிய அளவில் நிலைக்கவில்லை. இங்கே இருப்பது ஈரம் வற்றாத மழைக்காடு.

அந்தக் காடும் திறந்த வெளி அல்ல. மலேசியக் கூட்டரசு அரசமைப்பின்படி நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கின்றன. 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்கீழ் நிரந்தர வனக்காப்பகத்துக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சுங்காயில் வனவிலங்குத் துறையின் காப்பகம் இருக்கிறது. மலையடிவாரத்தில் செமாய் பூர்வகுடி மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. அவர்களில் பலருக்குக் குடிநீரே மேலிருந்து வரும் ஓடைதான். மிச்சம் இருப்பது தோட்டம். செம்பனைக் காட்டுச் செம்மண் சாலை வெளியாளுக்கு ஆளற்றதாகத் தெரியும். காலையில் பழக்குலை ஏற்ற லாரி வரும்போதுதான், தன் வண்டி நிற்பது இன்னொருவரின் வேலைத்தளத்தில் என்பது புரியும்.

மழைதான் எல்லாவற்றுக்கும் மேலான தடை. பருவக்காற்றுகள் மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை கொட்டும். மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயேர் என்று சொல்லும் திடீர் வெள்ளம், முகாம் இடத்தில் ஒரு துளி விழாதபோதும் மலையுச்சி மழையால் இறங்கி வரும். 2021 ஆகஸ்டு 18 அன்று கெடா மாநிலத்தின் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. கூடாரத்தில் இருப்பவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடலாம். வண்டிக்குள் கதவடைத்துப் படுத்திருப்பவருக்குக் கூரையில் விழும் மழைச் சத்தத்தில் ஆற்றின் இரைச்சலே கேட்காது. கேட்டாலும் மூன்று டன் வண்டியை ஊறிய செம்மண்ணில் இருட்டில் மேலேற்ற முடியாது. 2022 டிசம்பர் 16 விடியலுக்கு முன் சிலாங்கூரின் பத்தாங் காலியில் ஒரு முகாம்மீது மண்சரிந்து 31 பேர் இறந்தார்கள். அந்த இடத்துக்கு முகாம் நடத்த உரிமம் இல்லை. பகலில் பார்த்த யாருக்கும் அது ஆபத்தான இடமாகத் தோன்றியிருக்காது. சரிவு எப்படி இருக்கிறது, மண் எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதை ஒரு பயணி கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதை ஆராய்ந்து சொல்ல வேண்டிய கடமை உரிமம் தருகிறவருக்கு இருக்கிறது.

இந்தக் கட்டுப்பாடுகள் ஏழைகளின் ஆற்றங்கரையைப் பறிப்பதற்கு வழி என்று ஒரு மறுப்பு எழும். அதில் நியாயம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் விடுமுறையில் குளிக்கும் ஆற்றுத்துறைக்கு யாரும் நுழைவுச் சீட்டு போடக் கூடாது. பகலில் வந்து குளித்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகும் குடும்பம் கட்டணம் இல்லாமல் வரட்டும். ஆனால் வண்டியோடு இரவு தங்குகிறவரின் கோரிக்கை வேறு. இந்த மண்ணில் இலவச நிலம் என்ற பேச்சையே வரலாற்றோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தோட்டத்து லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது, வேலை போனால் வீடும் போகும். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கில முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்ற துண்டாடல் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது. அதைத் தடுக்கவே பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டத்தில் பங்குதாரர் ஆனார்கள். தலைமுறைகளாக அங்கே உழைத்தவர்களுக்கே இலவசமாகக் கிடைக்காத உரிமையை, ஒரு வார இறுதிக்கு வருகிறவர் இயற்கையின் பெயரால் தனக்கு உண்டு என்று சொன்னால் என்னால் ஏற்க முடியவில்லை.

தன் வண்டியில் கழிப்பறை இருக்கிறது, குப்பையைத் திரும்ப எடுத்துப் போகிறேன் என்பது இன்னொரு மறுப்பு. கழிப்பறைத் தொட்டியை எங்கே கவிழ்ப்பது என்பதற்கு விடை சொல்லாதவரை அது பாதி மறுப்புதான். பாத்திரம் கழுவிய நீர் ஓடைக்கே போகிறது, மீந்த சோறு எலியைக் கூட்டுகிறது, எலியோடு எலிக்காய்ச்சல் வருகிறது. 2010இல் பகாங்கின் லூபோக் யூ என்ற உல்லாசத் தலத்தில், நீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களுக்கே மெலியோய்டோசிஸ் நோயும் எலிக்காய்ச்சலும் தொற்றிச் சிலர் இறந்தார்கள்.

சுங்காய்க்குப் பொருந்துவது சிறு கட்டணத்தில் நடக்கும் உரிமம் பெற்ற வண்டி முகாம். வெந்நீர் ஊற்றுக்காகவே மக்கள் வரும் சுங்கை கிளா பக்கத்தில், ஆற்றிலிருந்து தள்ளி, சரிவுக்குக் கீழே வராத மேட்டு நிலத்தில், கழிவுத் தொட்டியும் குடிநீர்க் குழாயும் வெள்ள எச்சரிக்கை மணியும் உள்ள இடமாகத் தாப்பா மாவட்ட மன்றம் அதை அமைக்கலாம். செமாய் கிராமங்கள் விரும்பினால் தங்கள் நிலத்தில் தாங்களே முகாம் நடத்தி, வருமானத்தையும் வைத்துக்கொள்ளலாம்; எத்தனை வண்டி வரலாம் என்பதை அவர்களே சொல்லட்டும்.