வீடு தேடிப் போன கால்கள்

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் தினமும் இறங்குகிறவர்களில் பலருக்கு அந்தப் பெயரின் காரணம் தெரியாது. டாக்டர் சௌரி முத்து 1928இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனைதான் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு. சயரோகத்துக்கு அன்று இருந்த வைத்தியம் அவ்வளவுதான். கட்டில் கிடைக்காத ஏழைகள் வீட்டுத் திண்ணையிலேயே இருமிக் கிடந்தார்கள்.

மருந்துகள் வந்த பிறகு, 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று திறந்தது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் குழுவினர் கேட்ட கேள்வி இது: சானடோரியத்தில் குணமாகிறவர் குடிசையிலும் குணமாவாரா? 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரு தரப்புக்கும் ஐசோநியாசிட், பாஸ் என்று ஒரே மருந்து, ஓராண்டுக்கு.

1959இல் முடிவு வெளிவந்தது. அரை வயிற்றுச் சாப்பாடு, நெரிசலான வீடு, ஓய்வில்லாத உழைப்பு. இத்தனைக்கும் நடுவில் வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். குடும்பத்தாரை ஐந்து ஆண்டுகள் கவனித்ததில், நோயாளியை வீட்டில் வைத்ததால் தொற்று கூடவில்லை என்பதும் பின்னர் தெரிந்தது. சானடோரியக் காலம் அங்கிருந்துதான் முடியத் தொடங்கியது.

'மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் போதும்' என்று இந்த வரலாற்றைச் சிலர் சுருக்கும்போது எனக்கு மனசு ஆறாது. அந்த ஆய்வு மையத்தின் ஊழியர்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். காசநோய்ப் பிரிவில் சுகாதாரப் பார்வையாளராக 27 வருஷம் தெருத்தெருவாக நடந்த எனக்கு அதன் அருமை தெரியும்.

ஒரு மீன்பாடி வண்டிக்காரர். சர்க்கரை நோயும் உண்டு, குடியும் உண்டு. மாத்திரை அட்டைகள் ஒழுங்காகக் காலியாகியிருந்தன. ஆனால் ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போக வேண்டும். அவருக்கு வெளுப்பாக இருந்தது. நான் திட்டவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, "என்னண்ணே ஆச்சு?" என்றேன்.

"வெறும் வயித்துல போட்டா கொமட்டுது சிஸ்டர். காலைல வீட்ல ஒண்ணும் இருக்காது."

மறுநாளிலிருந்து அவருடைய அம்மா விடியற்காலையில் கேழ்வரகுக் கூழ் கரைத்து வைத்தார். கூழுக்குப் பிறகு மாத்திரை. அடுத்த வாரம் நிறம் மாறியது.

அந்தப் பசி எந்த மருத்துவச் சீட்டிலும் எழுதியிருக்கவில்லை. வாசற்படி வரை போனதால்தான் தெரிந்தது.