கதிரியக்க மணலும் புற்றுநோயும்: கருநாகப்பள்ளிப் பதிவேடு சொல்வது என்ன?

கேரளத்தின் பாறசாலையை ஒட்டியுள்ள கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில், கொல்லங்கோடு, ஏழுதேசம் உள்ளிட்ட கிராமங்களில் சுமார் 1,144 ஹெக்டேர் பரப்பில் அணுக் கனிம மணல் எடுக்கும் ஐஆர்இஎல் நிறுவனத்தின் திட்டத்துக்கு 2024-இல் கடும் எதிர்ப்பு எழுந்தது. கடலோர மணலில் உள்ள மோனசைட்டால் புற்றுநோய் வருகிறதா என்பதே அங்கு திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி.

தோரியம் கலந்த அதே வகை மணல் நிறைந்த கொல்லம் மாவட்டக் கடலோரத்தில், இக்கேள்விக்கு விடை காண்பதற்கான தரவுக் கட்டமைப்பு 1990 முதல் இயங்கி வருகிறது.

வீடு வீடாகக் கணக்கெடுப்பு

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் கருநாகப்பள்ளியில் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியது. 3,85,103 பேரின் வயது, தொழில், புகையிலைப் பழக்கம் முதலிய விவரங்கள் வீடு வீடாகத் திரட்டப்பட்டன. வீட்டின் உள்ளும் புறமும் கதிர்வீச்சு அளக்கப்பட்டது.

அவர்களில் 30 முதல் 84 வயது வரையிலான 69,958 பேர் 2005 வரை தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. கதிர்வீச்சு அளவு கூடக்கூட நோய் கூடியதற்கான சான்று இல்லை என 2009-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. எனினும், அவர்களில் ரத்தப் புற்றுநோயாளிகள் 30 பேர் மட்டுமே. இவ்வளவு சிறிய எண்ணிக்கையைக் கொண்டு, சிறு அளவிலான ஆபத்தை முற்றாக மறுக்க இயலாது.

மரபணு ஆய்வுகள்

இதே கடலோரக் குடும்பங்களின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ-வில், அருகிலுள்ள கதிர்வீச்சு குறைந்த பகுதியினரைவிட அதிக மாற்றங்கள் இருப்பதாக 2002-இல் வெளியான ஆய்வு கூறியது. ஆனால், 1995 முதல் 2012 வரை கேரளத்தில் சுமார் 1.41 லட்சம் பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்த மற்றோர் ஆய்வு, பிறவிக் குறைபாடுகளுக்கும் கதிர்வீச்சுக்கும் தொடர்பைக் காணவில்லை. மரபணுவில் மாற்றம் இருப்பதும் நோய் உண்டாவதும் ஒன்றல்ல. இரண்டையும் இணைத்துப் பார்க்க, மரபணுத் தரவும் நோய்ப் பதிவேடும் சேர்ந்தே தேவை.

மரபணுத் தரவைச் சேமிக்க, ஹரியாணாவின் ஃபரீதாபாதில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022 நவம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஜீனோம் இந்தியா திட்டத்தின் கீழ் திரட்டப்பட்ட 10,000 பேரின் மரபணுத் தொகுதித் தரவு, 2025 ஜனவரி முதல் ஆய்வாளர்களுக்கு அங்கு கிடைக்கிறது.

மாநில எல்லை

மருத்துவமனைப் பதிவேடு, சிகிச்சைக்கு வந்தவர்களை மட்டுமே எண்ணும். மக்கள்தொகை அடிப்படையிலான பதிவேடோ, ஒரு பகுதியில் வசிப்போரில் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பதைக் கணக்கிடும். அவர்கள் எங்கு சிகிச்சை பெற்றாலும் சொந்த ஊர்க் கணக்கிலேயே சேர்க்கப்பட வேண்டும்.

களியக்காவிளையைக் கடந்து திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெறும் கொல்லங்கோட்டு நோயாளியின் விவரம் தமிழகப் பதிவேட்டுக்கு வந்து சேராவிட்டால், அவரது ஊரில் நோய் குறைவாக இருப்பதாகவே கணக்கு காட்டும். அதே பெயர் இரு மாநிலங்களிலும் பதிவானால், நோயாளி எண்ணிக்கை இரட்டிப்பாகும். எனவே முகவரியைச் சரிபார்ப்பதும், ஒப்புதலும் ரகசியமும் காத்து இரு மாநிலப் பதிவுகளை ஒப்பிடுவதும் அவசியம்.

கருநாகப்பள்ளி ஆய்வு அளந்தது இயற்கைக் கதிர்வீச்சின் விளைவை. மணல் எடுப்பதன் விளைவை அல்ல. ஆகவே அதன் முடிவைக் கிள்ளியூருக்கு அப்படியே பொருத்த இயலாது. பணி தொடங்கும் முன்பே அடிப்படைக் கணக்கெடுப்பு நடந்திருந்தால் மட்டுமே, பின்னர் ஏற்படும் மாற்றத்தை ஒப்பிட்டு அறிய முடியும்.