பாய்மரப் பாதையில் ஒரு நாள்

2011 கோடையில் மகள் வீட்டுக்குப் பிரான்சு போயிருந்தபோது, மாப்பிள்ளை எங்களைத் தெற்கே பிரெனே மலைக்கு அழைத்துப் போனார். புதுச்சேரியில் படிக்கும்போது வாத்தியார் வரைபடத்தில் பிரம்பால் தொட்டுக் காட்டிய மலை அது. காவிரி பிறக்கும் இடம் தெரியுமுன்பே கரோன் ஆறு பிறக்கும் இடம் எங்களுக்குத் தெரியும்!

அங்கே அஸ்ப் பள்ளத்தாக்கில் எட்சோ என்றொரு சிற்றூர். பக்கத்தில் செஸ்குவே என்ற காட்டோடை ஆழமான இடுக்கில் ஓடுகிறது. ஓடைக்கு மேலே, செங்குத்துப் பாறையின் வயிற்றைக் குடைந்து ஒரு பாதை. பெயர் ‘ஷெமேன் த லா மாத்யூர்’, அதாவது பாய்மரப் பாதை. கைப்பிடி கிடையாது. நான் பாறைச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். பேரன் முன்னால் ஓடினான்.

ஏழாண்டுப் போரில் பிரெஞ்சுக் கடற்படை கப்பல்களை ஏராளமாக இழந்தது. (அதே போரில்தான் 1761-ல் ஆங்கிலேயர் நம் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.) புதுக் கப்பல்களுக்குப் பாய்மரம் வேண்டும். அதற்காக 1772 வாக்கில் இந்தப் பாறையை வெட்டினார்கள். மேலே பாக் காட்டில் நெடிய ஊசியிலை மரங்களைச் சாய்த்து, மாடு பூட்டி இவ்வழியே இறக்கி, ஆற்றில் மிதக்கவிட்டுப் பயோன் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். சில ஆண்டுகளிலேயே நல்ல மரம் தீர்ந்துவிட்டது. பாதை மட்டும் மிச்சம்.

எதிர்ப் பாறையில் போர்த்தலே கோட்டை தெரிந்தது. நம் ஆலைத் தொழிலாளருக்கு எட்டு மணி நேர வேலை வந்த காலத்துப் பிரதமர் லெயோன் ப்ளும் பின்னாளில் அங்கே சிறையிருந்தார். அது தனியாக எழுத வேண்டிய கதை.

“தாத்தா, இங்கே கரடி இருக்காம்” என்றான் பேரன். எனக்குக் கால் தயங்கியது. பேசிக்கொண்டே நடந்தால் கரடியே விலகிவிடும் என்றார் மாப்பிள்ளை. அதன்பின் நான் வாய் மூடவில்லை.

உண்மையில் அங்கே எஞ்சியவை மிகச் சில. பிரெனே மலையின் சொந்த இனத்துக் கடைசிப் பெண் கரடிக்குக் கனெல், அதாவது இலவங்கப்பட்டை, என்று பெயர். 2004 நவம்பர் 1 அன்று இதே பள்ளத்தாக்கில், காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன ஒருவர் அதைச் சுட்டுவிட்டார். தற்காப்புக்காகச் சுட்டேன் என்றார். கூட இருந்த குட்டி பிழைத்துக்கொண்டது. நாடே துக்கப்பட்டது என்று படித்திருந்தேன்.

இறங்கி வந்ததும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி விற்ற மேய்ப்பர் ஒருவரிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். என் பிரெஞ்சைக் கேட்டு முதலில் சிரித்தவர், பிறகு முகம் மாறிவிட்டார்.

“உங்கள் ஊரில் புலி உண்டல்லவா? உங்கள் ஆட்டை அதற்கு விடுவீர்களா, முசியே?”

“அரசு நஷ்டஈடு தருகிறதே” என்றேன்.

“தருகிறது. இரவெல்லாம் விழித்திருந்து நான் பிரசவம் பார்த்த ஆட்டுக்கு எந்தப் படிவத்தில் இடமிருக்கிறது?”

புயல் நிவாரணக் கோப்புகளைப் பல வருடம் பார்த்தவன் நான். குடிசைக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு என்று நானே எழுதியிருக்கிறேன். பதில் சொல்லத் தெரியாமல் அரைக் கிலோ கட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். கனெலுக்காகப் பட்ட வருத்தமும் போகவில்லை.

2018 அக்டோபரில் ஸ்லோவேனியாவிலிருந்து இரண்டு பெண் கரடிகளைக் கொண்டுவந்து அந்தப் பேயார்ன் மலைப்பகுதியில் விட்டார்கள். ஆடு வளர்ப்போர் சாலையை மறித்ததால் ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்களாம். பேரன் தொலைபேசியில் குதூகலமாகச் சொன்னான். எனக்கு அந்தப் பாலாடைக்கட்டிக்காரர் முகம்தான் நினைவுக்கு வந்தது.