கடலில் வென்றவர் கட்டிய குளம்

1896 ஏப்ரல் 11. ஏதென்ஸை அடுத்த பிரேயஸ் துறைமுகத்தில், ஸேயா விரிகுடாவின் கரை முழுக்க ஆயிரக்கணக்கில் கூட்டம். முதல் நவீன ஒலிம்பிக்கின் நீச்சல் போட்டிகள் எல்லாமே அந்த ஒரே நாளில், அந்தத் திறந்த கடலில்தான் நடந்தன. போட்டிக்கென்று ஒரு குளம் கிடையாது. தண்ணீரின் வெப்பம் சுமார் 13 டிகிரி. அதில் குதிக்க வந்தவர்களில் ஒருவர் ஆல்ஃப்ரேட் ஹாயோஷ். வயது 18, புடாபெஸ்டில் கட்டடக்கலை படிக்கும் மாணவர்.

ஹாயோஷ் என்பது விளையாட்டுக்காக அவரே சூட்டிக்கொண்ட பெயர். யூதக் குடும்பத்தில் பிறந்த அவருடைய இயற்பெயர் ஆர்னோல்ட் குட்மன். அவருக்கு 13 வயதானபோது தந்தை டான்யூப் ஆற்றில் மூழ்கி இறந்துபோனார். அதன் பிறகுதான் அந்தச் சிறுவன் நீச்சலில் வெறியோடு இறங்கினான். பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கமே விடாத வீடுகளைத்தான் நாம் அதிகம் பார்த்திருப்போம்.

முதலில் 100 மீட்டர். 1 நிமிடம் 22.2 விநாடியில் முடித்தார். ஆஸ்திரியாவின் ஓட்டோ ஹெர்ஷ்மன் மிக நெருக்கத்தில் இரண்டாவதாக வந்தார். குளிர் என்ன செய்யும் என்பதை அந்தச் சில நிமிடங்களிலேயே ஹாயோஷ் உணர்ந்துவிட்டார். 1200 மீட்டர் போட்டிக்கு முன் உடம்பெங்கும் அரை அங்குலக் கனத்துக்குக் கொழுப்பைப் பூசிக்கொண்டார். வீரர்களைப் படகில் ஏற்றி நடுக்கடலில் இறக்கிவிட்டார்கள். கரையை நோக்கி நீந்த வேண்டும். அலைகள் 12 அடி வரை எழுந்தன என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜெயிக்கும் ஆசையை உயிர்பிழைக்கும் ஆசை விழுங்கிவிட்டது என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார். உயிருக்காக நீந்தியவர் 18 நிமிடம் 22.2 விநாடியில் கரை சேர்ந்தார். இரண்டாவதாக வந்த கிரேக்க வீரர் வந்துசேர இரண்டரை நிமிடத்துக்கும் மேல் ஆயிற்று. ‘ஹங்கேரிய டால்ஃபின்’ என்று ஏதென்ஸ் பத்திரிகை கொண்டாடியது.

ஊர் திரும்பினால், கல்லூரியில் வேறு வரவேற்பு. உங்கள் பதக்கங்களில் எனக்கு அக்கறை இல்லை, அடுத்த தேர்வில் என்ன பதில் சொல்லப்போகிறீர்கள் என்றுதான் காத்திருக்கிறேன் என்ற பொருளில் துறைத் தலைவர் பேசினாராம். கடுமையான சொல்தான். ஆனால் ஹாயோஷ் படிப்பையும் விடவில்லை, மைதானத்தையும் விடவில்லை. 1898இல் 100 மீட்டர் ஓட்டம், 400 மீட்டர் தடை ஓட்டம், வட்டெறிதல் மூன்றிலும் ஹங்கேரியின் சாம்பியன் அவர்தான். 1902 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் ஹங்கேரி தன் முதல் சர்வதேசக் கால்பந்துப் போட்டியை ஆடியபோது அணியில் அவரும் இருந்தார். ஆஸ்திரியாவிடம் 5–0 என்று தோற்ற ஆட்டம் அது.

கட்டடக் கலைஞராகவும் அவருக்குப் பெயர் வந்தது. டெப்ரெட்சென் நகரின் புகழ்பெற்ற அரான்யிபிகா ஹோட்டல் அவர் கைவண்ணம். அந்தக் கால ஒலிம்பிக்கில் கலைகளுக்கும் போட்டி உண்டு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், டெஜோ லௌபருடன் சேர்ந்து வரைந்த விளையாட்டரங்கத் திட்டத்துக்கு ஹாயோஷ் வெள்ளி வாங்கினார். அந்தப் பிரிவில் தங்கம் யாருக்குமே தரப்படவில்லை. விளையாட்டிலும் கலையிலும் ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர்கள் உலகிலேயே இரண்டு பேர்தான். இன்னொருவர் துப்பாக்கி சுடும் வீரரும் சிற்பியுமான அமெரிக்கர் வால்டர் வைனன்ஸ்.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரியத்தை அவர் 1930இல் செய்தார். டான்யூபின் நடுவே இருக்கும் மார்கிட் தீவில் தேசிய நீச்சல் அரங்கத்தைக் கட்டினார். கூரை வேய்ந்த குளம், சுற்றிலும் பார்வையாளர் வரிசைகள். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே பயிற்சி நிற்காது. ஐரோப்பியக் குளிர்நாடு ஒன்றில் நீச்சல்காரர்களுக்கு இதைவிடப் பெரிய கொடை ஏது? தான் நடுங்கியதுபோல அடுத்த தலைமுறை நடுங்கக்கூடாது என்று அவர் எங்கும் எழுதிவைத்தாரா என்று நான் தேடவில்லை. கட்டடமே போதுமான சாட்சி.

ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் நாடே மாறியது. யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஏவா செக்கேய் என்ற இளம் நீச்சல் வீராங்கனையை, யூதப் பெண் என்பதற்காகவே 1940களின் தொடக்கத்தில் போட்டிகளிலிருந்து விலக்கினார்கள். போரில் அவரும் தப்பினார், ஹாயோஷும் தப்பினார்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பெண்களுக்கான நீச்சல் போட்டிகள் ஐந்து. அதில் நான்கில் ஹங்கேரிக்குத் தங்கம். 200 மீட்டர் மார்பு நீச்சலில் வென்றவர் ஏவா செக்கேய். அப்போது ஹாயோஷுக்கு 74 வயது. மறு ஆண்டு சர்வதேச ஒலிம்பிக் குழு அவருக்குச் சிறப்புப் பட்டயம் வழங்கியது. 1955 நவம்பர் 12 அன்று புடாபெஸ்டில் காலமானார். மார்கிட் தீவின் அரங்கத்துக்கு இன்று அவர் பெயர்தான். 2006, 2010 ஐரோப்பிய நீச்சல் சாம்பியன்ஷிப் போட்டிகள் அங்கேதான் நடந்தன.

(தொடரும்)