ரேவன்லாஃப்ட் (சாகச நூல்)

ரேவன்லாஃப்ட் என்பது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் பாத்திரமேற்பு மேசை விளையாட்டுக்கான சாகச நூல் ஆகும். டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் இணையர் எழுதிய இந்நூலை அமெரிக்காவின் டி.எஸ்.ஆர். நிறுவனம் 1983 இல் வெளியிட்டது.

நோக்கம்

எதிர்நாயகனான ஸ்ட்ராட் பிரபு ஓர் இரத்தக் காட்டேரி. தம்பியின் மணப்பெண்ணை விரும்பி, தம்பியையே கொன்றவன். அவள் சாயலில் உள்ள ஐரீனாவை இப்போது நாடுகிறான். இதனால் அவன் வெறும் காவல் விலங்காக இல்லாமல், தானே தேடிவந்து தாக்கும் பகைவனாகிறான்.

தடைகள்

பரோவியா நாட்டைச் சூழ்ந்த மூடுபனி, வீரர்கள் வெளியேறுவதைத் தடுக்கிறது. ஸ்ட்ராடின் குறிக்கோளும், அவனை வெல்ல உதவும் பொருட்களின் இருப்பிடமும் சீட்டுக் குறி மூலம் முடிவாகின்றன. ஆகவே, ஒரே கோட்டையில் ஆடினும் ஒவ்வோர் ஆட்டமும் வேறுபடும்.

இக்கதை 2016 இல் கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட் என்னும் பெயரில் விரிவாக்கப்பட்டது.