திருகோணமலை வீதிகளில் பழைய லொறிகள்



திருகோணமலையின் வரலாற்றைப் பேசத் தொடங்கினால் கோணேசர் கோயிலும், அதனை இடித்துப் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையும், பின்வந்த ஆங்கிலக் கடற்படையும் வரிசையாக வந்து நிற்கும். எந்தக் கப்பல் எந்நாளில் நங்கூரமிட்டது என்பதற்கெல்லாம் ஏடுகள் உண்டு. ஆனால் கப்பலில் வந்த மூடை கரையிலிருந்து கந்தளாய்க்கும் கண்டிக்கும் எவ்வாறு போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் ஏடுகள் வாய் திறப்பதில்லை. அந்த மூடைகளைச் சுமந்த லொறிகளைப் பற்றியும், அவற்றை ஓட்டியவர்களின் நினைவுகளைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

லொறி வருவதற்கு முன் இப்பகுதியின் பாரமெல்லாம் மாட்டின் முதுகிலும், வண்டியிலும், தோணியிலுமே போயிற்று. பொதிமாடுகளின் கூட்டத்தைத் தவளம் என்பார்கள். காட்டுப் பாதைகளில் அத்தவளங்கள் நாட்கணக்கில் நடந்தன. 1927 ஆம் ஆண்டில் புகையிரதம் திருகோணமலையை எட்டியது. அதே காலத்தையொட்டிச் சீனன்குடாவில் ஆங்கிலேயர் மாபெரும் எண்ணெய்க் குதங்களைக் கட்டத் தொடங்கினர். ஏறக்குறைய நூறு குதங்கள் காட்டினுள் எழுந்தன. இரும்புத் தகடும் சீமெந்தும் கல்லும் இவ்வளவு பெருந்தொகையாக நகர்ந்ததை அதற்கு முன் அவ்வூர் கண்டதில்லை.

பிறகு யுத்தம் வந்தது. சிங்கப்பூர் வீழ்ந்தபின் கீழைக்கடலில் ஆங்கிலேயருக்கு எஞ்சிய பெருந்துறைகளுள் ஒன்றாகத் திருகோணமலை நின்றது. 1942 ஏப்பிரல் 9 ஆந் தேதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. அதே நாளில் ஹேர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. கப்பல்களைப் பற்றி இவ்வளவு போதும். நமக்கு வேண்டியது, அந்தக் கப்பல்களுக்கும் முகாம்களுக்கும் உணவும் குண்டும் எண்ணெயும் ஏற்றித் திரிந்த இராணுவ லொறிகள். யுத்தம் முடிந்ததும் மிஞ்சிய வாகனங்கள் ஏலத்திற்கு வந்தன. கையில் சிறிது பணமும் நெஞ்சில் சிறிது துணிவும் உள்ளவன் ஒரு லொறிக்கு உடைமையாளன் ஆகலாம் என்ற நிலை அப்போதுதான் பிறந்தது. பாரமேற்றும் தொழிலில் இறங்கிய சிறு முதலாளிகள் பலருடைய கதை இந்த ஏலக் களத்திலேயே தொடங்குகிறது.

அக்காலத்து லொறிகள் பெரும்பாலும் பிரித்தானியப் பிறப்பு. முதலிடம் பெட்போர்ட்டுக்கு. லூட்டன் நகரில் 1931 ஆம் ஆண்டு தொடங்கிய அந்தப் பெயர், நம் கிராமத்து மக்களின் வாயில் லொறி என்பதற்கே மறுபெயராயிற்று. கொமர் லொறியும் அதே லூட்டன் நகரத்துடன் தொடர்புடையதே. ஒஸ்டின் லொறியின் முகம் பெட்போர்ட்டின் முகத்தை ஒத்திருந்தமையால் ஆங்கிலேயரே அதனைப் 'பேர்மிங்ஹாம் பெட்போர்ட்' என்று கேலி செய்தனர். லங்காஷயரிலிருந்து லேலண்ட், கிளாஸ்கோவிலிருந்து அல்பியன், டகன்ஹாமிலிருந்து தேம்ஸ் ட்ரேடர். அல்பியனின் நெற்றியில் உதயசூரியன் பொறித்திருக்கும். அந்தச் சூரியனைக் கண்டு அதன் சாரதி விடியற்காலையில் கும்பிட்டுவிட்டே எஞ்சினை முடுக்குவான் என்று ஒருவர் எனக்குச் சொன்னார். உண்மையோ, விளையாட்டோ, அறியேன், கேட்க இனிமையாயிருந்தது.

இவ்வண்டிகளைக் கண்ணால் மட்டுமன்று, காதாலும் அறிந்தவர்கள் இருந்தார்கள். 1954 ஆம் ஆண்டில் கொமர் லொறிக்கு ஓர் அதிசய எஞ்சின் வந்தது. மூன்றே சிலிண்டர், ஆனால் ஒவ்வொன்றிலும் எதிரெதிராக ஓடும் இரண்டு பிஸ்டன்கள். அதன் உறுமல் வேறெந்த லொறிக்கும் இல்லை. கந்தளாய் வீதியில் இரவில் அது ஏறி வரும்போது, படுக்கையில் கிடந்தபடியே 'கொமர் வருகிறது' என்று சொல்லக்கூடியவர்கள் வீதியோர வீடுகளில் இருந்தார்கள். பெட்போர்ட்டின் ஆறு சிலிண்டர்ப் பெற்றோல் எஞ்சினோ மிக மெதுவாகப் பேசும். ஆனால் குடிப்பது அதிகம். ஆதலால் அதனைக் கழற்றிவிட்டுப் பேர்க்கின்ஸ் டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொள்வது கணக்கறிந்த முதலாளிகளின் வழக்கமாயிற்று.

சீமையிலிருந்து முழு லொறியும் வந்ததென்று எண்ணிவிடக் கூடாது. சட்டமும் எஞ்சினும் முகமுமே பெரும்பாலும் கப்பலேறி வந்தன. உடலைக் கட்டியவர்கள் நம் தச்சர்கள். இங்கே திருகோணமலைக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. சிங்களத்தில் ஹல்மில்லை எனப்படும் மரத்தை ஆங்கில வணிகர் 'திருகோணமலை மரம்' என்றே வழங்கினர். சென்னைக் கடற்கரையின் கொடிய அலைகளைத் தாண்டிச் சென்ற மசூலாப் படகுகளுக்கு ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட பலகை, இங்கிருந்து போன அந்த மரமே. வளையும், எளிதில் பிளவாது. படகுக்கும் பீப்பாய்க்கும் வண்டிக்கும் உதவிய அம்மரத்தையே லொறியின் உடலுக்கும் விரும்பினோம் என்று பழைய தச்சர் ஒருவர் கூறக் கேட்டிருக்கிறேன். லூட்டனில் வார்த்த இரும்பின்மேல் நம் காட்டு மரத்தைப் பூட்டி, நெற்றியில் பிள்ளையார் பெயரையோ பள்ளிவாசலின் பெயரையோ அந்தோனியார் பெயரையோ எழுதிவிட்டால் அது நம்மூர் வண்டி ஆகிவிடும். கம்பனி என்று பெயர்ப்பலகை வைத்தவர்கள் மிகச் சிலர். வீட்டின் முன் விறாந்தையே கந்தோர். முதலாளியின் சட்டைப்பையே கணக்குப் புத்தகம்.

அவர்கள் ஏற்றிய பொருள்களைச் சொன்னால் இந்த மாவட்டத்தின் வாழ்வையே சொன்னதாகும். தம்பலகாமத்து நெல், நிலாவெளி உப்பு, மூதூர்ப் பக்கத்து விறகு, கடற்கரை முழுவதிலிருந்தும் கருவாடு. கருவாட்டு லொறி தூரத்திலேயே தன்னை அறிவித்துக்கொள்ளும். கொழும்பு ஏறக்குறைய 160 மைல். ஹபரணைக் காட்டில் யானை மறித்தால் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். யாழ்ப்பாணம் போவோர் ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவை அடைந்து, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டே அப்பால் சென்றனர்.

ஆனால் சாரதிகளின் பேச்சில் மீண்டும் மீண்டும் வருவது தெற்கே மட்டக்களப்புக்குச் செல்லும் கரையோர வீதி. அதை வீதி என்பதைவிடத் துறைகளின் மாலை என்பதே பொருந்தும். கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஒன்றன்பின் ஒன்றாக நீர் குறுக்கிடும். ஒவ்வொரு துறையிலும் 'பாதை' இருக்கும். பிற ஊர் நேயர்களுக்காகச் சொல்கிறேன்: கிழக்கிலங்கையில் பாதை என்பது வழி மட்டுமன்று, வாகனத்தை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையும் பாதைதான். இரு பலகையை வைத்து லொறியை அதன்மேல் ஏற்றுவது தனிக் கலை. சில்லு ஒரு சாண் விலகினால் வண்டி தண்ணீரில். பாரம் மிகுந்தால் மூடைகளை இறக்கி, வெறும் வண்டியை முன்னே அனுப்பி, மூடைகளைப் பின்னே கொண்டு வந்து திரும்ப ஏற்ற வேண்டும். இவ்வாறு ஒரு நாளில் பலமுறை ஏற்றி இறக்கிய தொழிலாளியின் முதுகைப் பற்றி எந்த அரசாங்க அறிக்கையும் எழுதவில்லை. 2009 ஆம் ஆண்டு ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன.

1957 ஆம் ஆண்டில் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த பலர் தொழில் இழந்தனர். 1958 சனவரி முதலாந் தேதி பஸ் சேவை முழுவதும் அரசுடைமையாயிற்று. லொறித் தொழிலோ தனியாரிடமே நின்றது. பிரித்தானியாவில் நடந்தது வேறு. அங்கே 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தூர இடப் பாரமேற்றும் கம்பனிகளை அரசு வாங்கிற்று. சில ஆண்டுகளில் அவற்றுட் பலவற்றைத் திரும்ப விற்றது. அத்துடன் மறைந்த சிறு கம்பனிகளின் பெயர்களைக்கூட அங்குள்ள ஆர்வலர்கள் மறக்கவில்லை. பழைய வணிக வாகனங்களைப் பேணுவதற்கென்றே 1958 ஆம் ஆண்டில் ஒரு கழகம் அமைத்தனர். லேலண்ட் நகரில் ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. ஒரு லொறியின் நிறம் கரும்பச்சையா, இளம்பச்சையா என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். இதைக் கேட்டு நகைக்கத் தோன்றும். எனக்கோ சிறிது பொறாமையே தோன்றியது.

நம்மிடம் எஞ்சியது என்ன? 1977 ஆம் ஆண்டுக்குப்பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் யப்பானிய லொறிகளும் இந்திய லொறிகளும் வந்து குவிந்தன. பழைய பெட்போர்ட்டுகள் காட்டு விறகுக்கும் மணலுக்கும் ஒதுங்கின. பின்னர் நெடிய யுத்தம், ஊர்கள் இடம்பெயர்ந்தன. 2004 திசெம்பர் 26 ஆந் தேதி கடல் பொங்கியபோது கரையோர வீடுகளின் பெட்டிகளில் கிடந்த அனுமதிப் பத்திரங்களும் படங்களும் அதனுடன் போயின. ஆதலால் எஞ்சிய ஏடு முதியவர்களின் நினைவு ஒன்றே. நினைவுக்கோ ஆண்டு தெரியாது. 'யப்பான்காரன் குண்டு போட்டதற்குப் பிறகு', 'அரிசி கொண்டுபோகத் தடை இருந்த காலத்தில்' என்றுதான் அவர்கள் சொல்வார்கள்.

இந்த இடர்ப்பாட்டைக் கடக்க நான் ஒரு சூழ்ச்சி செய்தேன். அகழ்வாராய்ச்சியாளர் மட்கல ஓட்டைக் கொண்டு காலம் கணிப்பதுபோல, லொறியின் முகத்தைக் கொண்டு காலம் கணிக்கலாமே என்று எண்ணினேன். உருண்ட மூக்குப் பெட்போர்ட் என்றால் 1939 க்கும் 1953 க்கும் இடையில் செய்யப்பட்டது. அகன்ற மூக்குள்ள டீ.ஜே. என்றால் 1958 க்குப் பின். மூக்கே இல்லாத தட்டை முக டீ.கே. என்றால் 1960 க்குப் பின். இம்முறை பலமுறை எனக்குக் கைகொடுத்தது. ஆகவே எனக்குச் சிறிது தலைக்கனமும் ஏறிற்று.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், கிண்ணியாவைச் சேர்ந்த முதிய சாரதி ஒருவரைச் சந்தித்தேன். யுத்த காலத்தில், தாம் பதினான்கு வயதுப் பையனாயிருந்தபோது, துறைக்கரை மணலிலிருந்து ஓர் இராணுவ லொறியைப் பாதையில் ஏற்ற உதவியதாக அவர் கூறினார். "என்ன லொறி, ஐயா?" என்றேன். "பெட்போர்ட். மூக்கில்லாதது" என்றார். நான் உள்ளூர நகைத்தேன். மூக்கில்லாப் பெட்போர்ட் 1960 இல் அல்லவா வந்தது? கிழவர் இரு காலங்களைக் கலந்துவிட்டார் என்று முடிவுசெய்து, குறிப்பேட்டில் அப்பக்கத்தின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டேன். அவர் மேலும் ஒன்று சொன்னார்: "முன் சில்லும் சேர்ந்து இழுக்கும், தம்பி. மணலிலே புதையாது." அதையும் எழுதினேன், ஆனால் சிந்திக்கவில்லை.

பல மாதங்கள் கழித்து வேறெதையோ தேடிக்கொண்டிருந்தபோது கியூ.எல். என்னும் பெட்போர்ட்டைப் பற்றிப் படித்தேன். 1941 ஆம் ஆண்டு முதல் இராணுவத்திற்கென்றே ஐம்பதினாயிரத்துக்கு மேல் செய்யப்பட்ட வண்டி. எஞ்சினுக்கு மேலேயே சாரதியின் இருக்கை, ஆகவே மூக்கில்லை. நான்கு சில்லுக்கும் விசை உண்டு. கிழவர் சொன்னதில் ஓர் எழுத்தும் பிழையில்லை. என் அட்டவணையில்தான் பிழை.

வெட்கத்துடன் மறுபடியும் கிண்ணியாவுக்குப் போய், படத்தையும் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் படத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"இதைத்தானே தம்பி, நான் அண்டைக்கும் சொன்னனான்" என்றார். பிறகு உள்ளே திரும்பி, எனக்குத் தேநீர் கொண்டுவரும்படி பேத்தியை அழைத்தார்.