புகைக்கொடியும் புகைப்படமும்

2024 அக்டோபரில், கதிரவன் மறைந்தபின் மேற்கு வானில் சூசின்சான்–அட்லாஸ் என்னும் வால்வெள்ளி தோன்றியது. பினாங்குத் தீவின் மேற்குக் கரை இத்தகைய காட்சிக்கு ஏற்ற இடம். பந்தாய் ஆச்சேயிலுள்ள ஷேக் தாஹிர் வானியல் நிலையத்தார் பிறை தேடும் கடல்வானமே மாலை வால்வெள்ளிக்கும் உரியது. அவ்வாண்டு உலகெங்கும் பலர் கைத்தொலைபேசியாலேயே அதனைப் படம்பிடித்தனர். இவ்வெளிமை வருமுன் எத்துணை இழப்பு நேர்ந்தது என்பதைச் சென்னையில் நிகழ்ந்த ஒரு செய்தி காட்டும்.

வால்வெள்ளியைச் சிலப்பதிகாரம் புகைக்கொடி என்கிறது. அது தோன்றினும் காவிரி பொய்யாது என்று நாடுகாண் காதை கூறுதலால், அது கேட்டின் குறி என்னும் அச்சம் பழமையானது என்பது பெறப்படும். அப்புகைக்கொடி புகைப்படத்துள் முதன்முதல் அகப்பட்டது 1858-இல். மாலை வானில் ஒளிர்ந்த தொனாத்தி வால்வெள்ளியை, செப்டம்பர் 27 அன்று, இங்கிலாந்துப் படப்பிடிப்பாளர் உஷர்வுட், மனிதர் உருவப்படம் எடுக்கும் வில்லையைக் கொண்டே பதிவு செய்தார்.

இனிச் சென்னைக்கு வருவோம். பியலா வால்வெள்ளி 1846-இல் இரண்டாகப் பிளந்து காணப்பட்டது; 1852-க்குப் பின் அதனைக் கண்டாரில்லை. 1872 நவம்பர் 27 இரவில் ஐரோப்பாவில் எரிமீன் மழை பொழிந்தது. பியலா பூமியைத் தொட்டுச் சென்றது என்று கருதிய கெட்டிங்கன் அறிஞர் கிளிங்கர்பூயசு, அது இனித் தென்வானில் தெரியும் எனக் கணித்து, 30-ஆம் நாள் சென்னை வானாய்வகத்துப் போக்சனுக்குத் தந்தி கொடுத்தார். இரண்டு விடியல்கள் மேகமும் மழையுமாய்க் கழிந்தன. பின்னர் வந்த இரு விடியல்களில் மேக இடைவெளியில் ஒரு வால்வெள்ளி உண்மையாகவே தென்பட்டது! மீண்டும் வானம் மூடிக்கொண்டது. வேறெவரும் அதனைக் கண்டிலர். அது பியலா அன்று என்பது பின்னர்க் கணக்கிட்டு அறியப்பட்டது. ஆயின் அது யாது? பாதையை வரையறுக்க மூன்று நிலைகளேனும் வேண்டும், கிடைத்தவையோ இரண்டே.

படமேனும் எடுத்திருக்கலாகாதா எனில், அன்றைய ஈரத்தகடு விரைவில் உலர்ந்து உணர்வு இழக்கும். மங்கலான பொருளுக்கு அது பயன்படாது. முந்திய ஆண்டு டிசம்பர் 12-இல் உதகைத் தொட்டபெட்டாவில் சூரிய கிரகணம் படமாக்கப்பட்டது உண்மையே. ஆயினும் சூரிய ஒளி வேறு, வால்வெள்ளியின் மங்கொளி வேறு. போக்சனைக் குறைகூறுதல் முறையன்று.

சில ஆண்டுகளில் உலர்தகடு வந்து நிலைமையை மாற்றிற்று. 1882-ஆம் ஆண்டின் பெரு வால்வெள்ளியை நன்னம்பிக்கை முனையில் டேவிட் கில் உள்ளூர்ப் படப்பிடிப்பாளர் ஒருவர் துணையுடன் எடுத்தபோது, பின்னணி விண்மீன்களும் தகட்டில் நிரம்பியிருந்தன. அதைக் கண்டு அவர் தொடங்கிய பணியே 4,54,875 விண்மீன்கள் கொண்ட பட்டியலாக முடிந்தது. வால்வெள்ளியைத் தேடிப் போனவருக்கு விண்மீன் புதையல் கிடைத்தது.

தமிழகமும் பின்தங்கவில்லை. 1910-இல் ஹாலி வால்வெள்ளியைக் கோடைக்கானலில் எவர்செட் படம்பிடித்தார். அவ்வாண்டு மே மாதத்தில் பூமி அதன் வாலைக் கடக்கும், நச்சு வாயு பரவும் என்று பல நாடுகளில் மக்கள் அஞ்சினர். புகைக்கொடி அச்சம் புது உருவம் எடுத்தது போலும்! 1949 ஜூலை 2-இல், ஹார்வர்டில் மாணவராயிருந்த வைணு பாப்பு, தகடொன்றில் புதிய வால்வெள்ளியையே கண்டுபிடித்தார். அது பாப்பு–பாக்–நியூகர்க் எனப் பெயர் பெற்றது. 1960-இல் கோடைக்கானல் ஆய்வகத் தலைவரான அவரே, பின்னர்ச் சவ்வாது மலையின் காவலூரில் வானாய்வகம் அமைத்தார்.